புதுப்பிப்பு: புரொஜெக்டரா டிவியா, ஒருவழியாக முடிவெடுத்தாச்சு

12 அடி நீள ஹாலுக்கு 100 இன்ச் புரொஜெக்டரா, 65 இன்ச் டிவியா என்று போன மாதம் கேட்டிருந்தேன். டிவிதான். நண்பரின் புரொஜெக்டரை இரவல் வாங்கி ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தேன். ராத்திரி விளக்கை அணைத்தால் தியேட்டரேதான், ஆனால் பகலில் ஜன்னல் வெளிச்சம் விழுந்ததும் கறுப்பெல்லாம் சாம்பலாகிவிடுகிறது, ஏனென்றால் புரொஜெக்டரால் கறுப்பைப் பாய்ச்ச முடியாது, ஒளி படாத திரைதான் அதற்குக் கறுப்பு. அப்புறம் தூரம். 100 இன்ச் படத்தின் அகலம் சுமார் 7.3 அடி, அந்த மாடலின் த்ரோ விகிதம் (திரையிலிருந்து தூரம், படத்தின் அகலத்தைப் போல் எத்தனை மடங்கு என்பது) 1.5, ஆக 11 அடி பின்னால் வைக்க வேண்டும், நடுவில் அம்மா தண்ணீர் குடிக்க எழுந்தால் கிளைமாக்ஸில் அவர் நிழல்தான் ஹீரோ. திரைக்கு ஒதுக்கிய பணத்தில் சவுண்ட்பார் வாங்கிவிட்டேன். சரி, பெரிய திரை ஆசை மட்டும் இன்னும் போகவில்லை.