கலத்தின் மேலும் கீழும் 180° கட்ட வேறுபாடு வரவில்லை: உதவி தேவை

கீழே சூடாக்கி மேலே குளிர்வித்து, நீரின் வெப்பச்சலனத்தை ஆராயும் சோதனை இது. உயரமும் விட்டமும் 25 செ.மீ. உள்ள உருளைக் கலம். சராசரி 40°C நீர், மேல், கீழ்த் தட்டுகளுக்கிடையே 10°C வேறுபாடு; ரேலே எண் (வெப்பச்சலனத்தைத் தூண்டும் வலுவின் அளவு) ஏறத்தாழ 6×10⁹. சுவரில் கால், அரை, முக்கால் உயரங்களில் எட்டெட்டு தெர்மிஸ்டர்கள் (வெப்பநிலை உணரிகள்). வரிசைக்கு ஒரு கொசைன் பொருத்திப் பெருஞ்சுழற்சியின் (ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கும், கலமளாவிய நீரோட்டத்தின்) திசைக்கோணத்தை எடுக்கிறோம்.

இந்தச் சுழற்சியின் தளம் முறுகி ஆடும் முறுக்கு அலைவில் மேல், கீழ்க் கோணங்கள் எதிரெதிராக, அதாவது 180° கட்ட வேறுபாட்டில், ஆட வேண்டும். கோணத்தின் அதிர்வெண் நிறமாலையில் முகடு தெளிவாகவே இருக்கிறது. கட்ட வேறுபாடு மட்டும் 120° அருகே நிற்கிறது. உணரிகளை ஒவ்வொன்றாகப் படிப்பதால் வரும் தாமதத்தைத் திருத்தியாயிற்று. கலத்தை 1° சாய்த்துத் திசையை நிலைநிறுத்தியும் மாற்றமில்லை.

மேல்தட்டு, குளிர்நீர் நுழையும் பக்கம் கூடுதலாகக் குளிர்கிறதோ என்பது முதல் சந்தேகம். பக்கவாட்டு அலம்பலும் (சுழற்சித் தளம் மையத்தை விட்டுப் பக்கவாட்டில் ஆடுவது) கலந்திருக்கலாம். ஒற்றைக் கொசைன் அதைக் காட்டாது. அதனால் சூடான, குளிர்ந்த உச்சக் கோணங்களைத் தனித்தனியே எடுக்கப் பார்க்கிறோம். எட்டே உணரிகளில் இதைச் செய்தவர்கள் சொல்லுங்கள்: உச்சத்தைச் சுற்றி மூன்று புள்ளிப் பரவளையம் போதுமா, இரண்டாம் ஃபூரியர் உறுப்பையும் (ஒரு சுற்றில் இருமுறை ஏறி இறங்கும் கொசைன்) சேர்க்க வேண்டுமா?