புதுப்பிப்பு: வெளிநாடு வந்தாச்சு, மாத்திரை கதை இதோ

வெளிநாட்டுக்குக் குடிபோகிறேன், தினமும் போடும் தைராய்டு மாத்திரைக்கும் தூக்கத்துக்கான குளோனாசிபாம் மாத்திரைக்கும் என்ன வழி என்று முன்பு கேட்டிருந்தேனே, வந்து 5 வாரம் ஆகிறது.

தைராய்டு சுலபமாக முடிந்தது. என் பிராண்டை இங்கே யாருக்கும் தெரியவில்லை, ஆனால் சீட்டில் லெவோதைராக்சின் என்று மூலப்பெயரும் மைக்ரோகிராம் அளவும் இருந்ததால் டாக்டர் அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டார். கம்பெனி மாறுவதால் 6 வாரம் கழித்து டிஎஸ்எச் (தைராய்டுக்கான ரத்தப் பரிசோதனை) பார்க்க வேண்டுமாம், சரி.

படுத்தியது குளோனாசிபாம்தான். அது மனநிலையைப் பாதிக்கும் மருந்துகளுக்கான 1971 ஐ.நா. உடன்படிக்கையின் கீழ் கட்டுப்பாட்டில் உள்ள மருந்து, எவ்வளவு கொண்டுவரலாம் என்பது நாட்டுக்கு நாடு மாறும். நான் பாட்டுக்கு 3 மாதத்துக்கு வாங்கி அடுக்கியிருப்பேன், நல்லவேளை தூதரகத்தில் கேளுங்கள் என்று இந்தக் குழுவில் ஒருவர் சொன்னார், கேட்டால் 30 நாளுக்குத்தான் அனுமதி, அதுவும் டாக்டர் கடிதத்தோடு. பிரிக்காத அட்டையாகக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டேன்.

வந்ததும் டாக்டரிடம் பதிவு செய்தும் முறை வர 3 வாரத்துக்கு மேல் ஆனது, கையில் 4 மாத்திரைதான் மிச்சம். திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம் என்பதால் அந்த வாரம் தூக்கமே இல்லை (தூக்கத்துக்கான மாத்திரைக்காக!). இப்போது டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம் என்கிறார். அடுத்த சீட்டு 2 வாரத்துக்குத்தான் தந்திருக்கிறார்.