செவாலியே ஆவதற்கு முன் அந்தப் பையன்கள்: உங்கள் அனுபவங்களை எழுதுங்கள்

பிரான்சில் இருப்பவர்களும் சுற்றிப் பார்க்க வந்துபோனவர்களும் கோட்டை, கவசம், கல்லறை என்று ஏதாவது பார்த்திருப்பீர்கள். அந்தக் காலத்துச் செவாலியேக்கள், அதாவது கவசம் பூண்டு குதிரையில் போரிட்ட பட்டம் பெற்ற வீரர்கள், எப்படி வளர்ந்தார்கள், எப்படிப் பழகினார்கள் என்று உங்களுக்கு உறைத்த இடம் ஏதாவது இருந்தால் இங்கே எழுதுங்கள். நானே தொடங்கி வைக்கிறேன்.

லுவார் ஆற்றுப் பக்கம் ஓர் ஊரில் கோடையில் மத்தியகாலத் திருவிழா நடந்தது. ஒரு கூடாரத்தில் இரும்பு வளையச் சட்டையை யார் வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம் என்று வைத்திருந்தார்கள். முதலில் பஞ்சடைத்துத் தைத்த தடித்த அங்கி, அதற்கு மேல்தான் சட்டை. பத்துப் பன்னிரண்டு கிலோ இருக்கும். தலை வழியாக இறங்கியதும் பாரம் முழுக்கத் தோளில் உட்கார்ந்துகொண்டது. கூடாரத்துக்காரர் என் இடுப்பில் தோல் வார் ஒன்றைக் கட்டி, சட்டையை வாருக்கு மேலே கொஞ்சம் இழுத்து விட்டார். உடனே பாதி பாரம் இடுப்புக்கு இறங்கிவிட்டது. கழற்றுவதுதான் வேடிக்கை. இடுப்பை மடக்கிக் குனிந்து, கைகளைத் தரைப்பக்கம் நீட்டி உடம்பை உதற வேண்டும். சட்டை தன் எடையிலேயே சரிந்து விழும். விழுகிற போக்கில் பின்கழுத்து முடியையும் கொஞ்சம் பிடுங்கிக்கொண்டு போனது. எண்ணெயும் இரும்பும் கலந்த அந்த வாடை, அன்று ராத்திரி சோப்புப் போட்டும் கையை விட்டுப் போகவில்லை.

"கவசத்தோடு குட்டிக்கரணம் அடித்த ஆள் ஒருவர் இந்தப் பக்கத்துக்காரர்தான்" என்றார் அவர். பூசிக்கோ எனக்கு அறிமுகமானது அப்படித்தான்.

முழுப்பெயர் ழான் லெ மெங்ர். பூசிக்கோ என்பது பட்டப்பெயர். அப்பாவுக்கும் அதே பெயர், அதே பட்டப்பெயர். 1366-ல் தூர் நகரில் பிறந்தவர். அப்பா பிரான்சின் மார்ஷலாக, அதாவது உயர் படைத்தளபதியாக இருந்து, மகன் கைக்குழந்தையாக இருக்கும்போதே இறந்துபோனார். பையனை அரசர் ஐந்தாம் சார்லஸ் அரண்மனையில் பட்டத்து இளவரசனோடு சேர்த்து வளர்த்தார். 12 வயதிலேயே நார்மண்டிப் பக்கம் படையோடு போய்விட்டான். அவர் உயிரோடு இருக்கும்போதே எழுதப்பட்ட வரலாறு ஒன்றில் அவருடைய பயிற்சிகள் வரிசையாக வருகின்றன. மூச்சுப் பிடிப்பதற்காக நெடுந்தூர ஓட்டம். கை சலிக்காமலிருக்கக் கோடரியாலோ சம்மட்டியாலோ நெடுநேரம் அடிப்பது. தலைக்கவசம் தவிர மற்ற எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு கரணம் போடுவது. முழுக் கவசத்தோடு, அங்கவடியில் (சேணத்தில் தொங்கும் கால் வளையம்) கால் வைக்காமல் தரையிலிருந்தே குதிரை மேல் தாவுவது. சாய்த்து வைத்த ஏணியின் அடிப்பக்கமாக, காலே படாமல், இரண்டு கையாலும் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குத் தாவித் தாவி உச்சி வரை போவது.

எழுதியவர் புகழ்வதற்கென்றே எழுதினவர்தான். ஆனால் இந்தப் பட்டியலை என்னால் தள்ள முடியவில்லை. வெறும் புகழ்ச்சி என்றால் 'சிங்கம்போல் பாய்ந்தார்' என்று ஒரே வரியில் முடித்திருப்பார். கால் படக்கூடாது, தலைக்கவசம் மட்டும் கிடையாது என்று நிபந்தனையெல்லாம் சொல்லியிருக்க மாட்டார்.

16 வயதில், 1382-ல், பிளாண்டர்ஸில் (இன்றைய பெல்ஜியப் பக்கம்) ரோசபேக் போருக்குச் சற்று முன்பு பூசிக்கோவைச் செவாலியே ஆக்கினார்கள். போரில் ஆஜானுபாகுவான பிளாண்டர்ஸ்காரன் ஒருவன் பையனின் கோடரியைத் தட்டிவிட்டு, "போய்ப் பால் குடி" என்று கேலி செய்தானாம். பையன் குத்துவாளை உருவி அவன் அக்குளுக்குள் இறக்கிவிட்டு, "உங்கள் ஊர்ப் பிள்ளைகள் இப்படியா விளையாடுவார்கள்?" என்று கேட்டதாகக் கதை. வசனம் பிற்பாடு சேர்த்ததாக இருக்கலாம். அக்குள் என்பது மட்டும் சரியான இடம். கையைத் தூக்கும்போது கவசம் திறக்கிற இடம் அதுதான்.

மறுமொழி 1

ஏணி விஷயத்துக்காகவே எழுதுகிறேன். நான் பாறை ஏறுகிறவன், வார இறுதியில் ஃபோன்தென்புளோ காட்டில்தான் கிடப்பேன். எங்கள் பயிற்சிக் கூடத்தில் கேம்பஸ் போர்டு என்று ஒன்று உண்டு: சாய்ந்த பலகை, அதில் மரச் சட்டங்கள், கால் வைக்காமல் கையாலேயே தாவித் தாவி ஏற வேண்டும். 1988-ல் ஜெர்மன்காரர் வொல்ஃப்காங் கூலிஷ் கொண்டுவந்தது என்பார்கள். நீங்கள் சொல்கிற ஏணி அச்சு அசல் அதேதான்! வருடக்கணக்கில் ஏறிப் பழகாதவர்களை அதில் தொடக்கூட விடமாட்டார்கள், விரல் நரம்பு போய்விடும். எடைச் சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு அதில் தொங்கிப் பார்த்தேன். முதல் தாவலில் கை பிடித்தது, அடுத்ததில் மெத்தையில் கிடந்தேன். அவர் எஃகுச் சட்டையோடு உச்சி வரை போனார் என்றால், சின்ன வயதிலிருந்தே எலும்பும் நரம்பும் அதற்கென்று இறுகியிருக்க வேண்டும். இருபது வயதில் தொடங்கி இது வராது.

மறுமொழி 2

அண்ணை, நான் பாரிசில் ஓர் உணவகத்தில் வேலை. முழு வாத்தைச் சாப்பிடுகிறவரின் மேசைக்கே கொண்டுபோய், அவர் கண்முன் வெட்டிப் பரிமாறுவதைப் பழக்கியபோது கை நடுங்கினது. சொஸ் ஒரு துளி மேசைத் துணியில் விழுந்தாலும் முதலாளியின் பார்வை போதும். பழக்கிய வயதானவர்தான் சொன்னார், இது ஒரு காலத்தில் பிரபு வீட்டுப் பிள்ளைகள் செய்த வேலை என்று. நம்பவில்லை. பிறகு பார்த்தால் ழுவான்வில் தானே எழுதி வைத்திருக்கிறார். ஷம்பாஞ் பகுதிப் பெரிய வீட்டுப் பிள்ளை, பிற்காலத்தில் ஒன்பதாம் லூயியோடு சிலுவைப்போருக்குப் போனவர். 1241-ல் சோமூரில் அரசர் வைத்த பெருவிருந்தில், தன் பிரபுவான நவார் அரசருக்கு முன்னால் நின்று இறைச்சி வெட்டியிருக்கிறார். அப்போது தான் வளையச் சட்டை போட்டதே இல்லை என்றும் சொல்கிறார். சண்டைக்கு முன்னாலே கத்தி பிடித்தது மேசையில்தான். ஏழெட்டு வயதில் இன்னொருவர் வீட்டுக்கு அனுப்பி, ஏவல் வேலை செய்யவிட்டுத்தான் பழக்கினார்கள். அந்த வயதுப் பிள்ளையைத் தாய் எப்படி அனுப்பினாளோ என்றுதான் எனக்கு ஓடினது.

மறுமொழி 3

எல்லோரும் அரண்மனைப் பிள்ளைகளையே சொல்கிறீர்கள். சேன் தெனி பேராலயத்தில் அரசர்களின் கல்லறைகளுக்கு நடுவே பெர்த்ரான் துய் கெக்லான் படுத்திருக்கிறார், போய்ப் பாருங்கள். கவசம் அணிந்த பளிங்குச் சிலை, தலை மட்டும் வெறுமை. உருண்டை முகம், குட்டை உடம்பு. அரசர்களின் சிலைகளுக்குப் பக்கத்தில் சிறுபிள்ளை மாதிரித் தெரிகிறார். 1320 வாக்கில் பிரிட்டானியில் தினானுக்குப் பக்கத்தில் பிறந்தவர். அவலட்சணம் என்று தாயே ஒதுக்கினாள், ஊர்ப் பையன்களைக் கூட்டிச் சண்டை கட்டினதால் அப்பா அடைத்து வைத்தார் என்று அவரைப் பற்றிய நெடும்பாட்டு சொல்கிறது. ஓரளவு கதைதான். ஆனால் செவாலியே ஆனது 1354-ல், முப்பதைத் தாண்டி, என்பது கதையில்லை. அதுவரை காடு மேடுகளில் ஒளிந்திருந்து தாக்குவதுதான் தொழில். பூசிக்கோவுக்கு 16 வயதில் கிடைத்தது இவருக்கு எத்தனை வருடம் கழித்து! ஆனாலும் 1370-ல் பிரான்சின் படைக்கே தலைவரானார். ஏணியெல்லாம் வசதி வாய்த்தவர்கள் சங்கதி, நண்பரே.

பதிவிட்டவர்

வசதி பற்றிச் சொன்னது சரிதான். குதிரை, கவசம், உதவிக்கு ஆள் என்று செலவு கட்டுப்படியாகாமல் கடைசி வரை எஸ்குவயராகவே, அதாவது செவாலியே பட்டத்துக்கு முந்தைய படியிலேயே, இருந்துவிட்டவர்கள் ஏராளம். அப்புறம், இங்கே குதிரை ஏறுகிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அங்கவடி இல்லாமல் தரையிலிருந்து சேணத்தில் தாவி ஏறுவதை, கவசம் வேண்டாம், வெறும் உடம்போடாவது யாராவது முயன்றிருந்தால் எழுதுங்கள்.