மறு: நாம்சென் ஆறு – 'மீன் ஏணி' சரியா?

வணக்கம். நார்வேயின் நாம்சென் ஆற்றில், கடலிலிருந்து வரும் சால்மன் மீன்கள் அருவியைத் தாண்டி மேலேறக் கட்டிய அமைப்புக்கு (fish ladder) நம் வரைவில் என்ன தமிழ்ச்சொல் போடுவது என்ற கேள்விக்குப் பதில் இது.

> சொற்பட்டியல்களில் 'மீன் ஏணி' என்று இருக்கிறதே, அப்படியே போட்டுவிடலாமே?

போடலாம்தான். ஆனால் ஏணி என்றதும் சுவரில் சாத்தி வைத்த ஒன்றுதான் கண்முன் வருகிறது. நாம்சென் ஆற்றின் ஃபிஸ்கும்ஃபோஸ் அருவியில் இருப்பதோ 291 மீட்டர் நீளம்! வரிசையாகத் தொட்டிகள், ஒவ்வொன்றும் முந்தையதைவிடச் சற்றே மேலே. இடைச்சுவரில் வழிந்து விழும் நீரை எதிர்த்து சால்மன் துள்ளி அடுத்த தொட்டிக்கு ஏறும். களைத்தால் அங்கேயே கொஞ்சம் இளைப்பாறும். ஏணியில் இளைப்பாற இடம் ஏது? நார்வேக்காரர்களும் 'லாக்ஸெட்ராப்' என்கிறார்கள்: லாக்ஸ் என்றால் சால்மன், ட்ராப் என்றால் படிக்கட்டு.

> அப்படியானால் 'மீன்படி'?

சுருக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் பயணப்படி, அகவிலைப்படி என்று வாங்கிப் பழகியவர்கள், மீனவர்களுக்கு அரசு தரும் தொகை என்று நினைத்துக்கொள்வார்கள். 'மீன்படிக்கட்டு' என்று முழுதாகவே எழுதுவோம். 'மீன் மதகு' வேண்டாம். மதகு ஏரித் தண்ணீரைத் திறந்துவிடுவதற்கு.

பொதுச்சொல் ஒன்றும் தேவை. சில ஆறுகளில் அணையைச் சுற்றி ஓடை வெட்டிவிடுகிறார்கள், சிலவற்றில் மீனைத் தொட்டியோடு மேலே தூக்குகிறார்கள். எல்லாவற்றுக்கும் சேர்த்து 'மீன்வழி' எனலாம். படிக்கட்டு அதில் ஒரு வகை.

அப்புறம், நம் வரைவில் 'அணைகளில் கட்டப்படுவது' என்ற வரையறை நாம்செனுக்குப் பொருந்தாது. மேலே நாம்ஸ்வாட்னெட் ஏரிப் பக்கமிருந்து சுமார் 228 கிலோமீட்டர் ஓடி, நாம்சோஸ் ஊருக்கு அருகே ஃபியோர்டில் (நிலத்துக்குள் நீண்டு புகுந்த குறுகிய கடற்பகுதி) கலக்கும் ஆறு அது. குரோங் என்ற இடத்தில் சான்டோலா என்ற துணையாறு சேர்ந்தபின் ஓவர்ஹல்லா பக்கம் அகன்று நிதானமாகிறது. படகைக் குறுக்கும் நெடுக்கும் துடுப்புப் போட்டுத் தூண்டிலை இழுத்துப் பிடிக்கும் 'ஹார்லிங்' முறைக்கு இந்த அகலம் தோது. குரோங்குக்கு மேலே போனால் அருவிகள். அங்கே மீனை மறித்தது முதலில் அருவிதான், மின்நிலையம் எல்லாம் பின்னால் வந்தது.

அந்த அருவிகள் பெரிய ஆட்கள். பனியுகப் பனிப்பாளம் உருகிப் பாரம் குறைந்ததும் நிலம் மெல்ல மேலெழுந்தது, அருவிகள் ஏற முடியாத தடைகளாயின. மேலே அகப்பட்ட சால்மன்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கடலையே பார்க்காமல் ஆற்றிலேயே பிறந்து, முட்டையிட்டு, சாகின்றன. பெயர் நாம்ஸ்பிளாங்க். கடலுக்குப் போய்த் தின்று கொழுத்துவரும் உறவுக்காரர் பத்துக் கிலோவைத் தாண்டுவதுண்டு. நாம்ஸ்பிளாங்கோ ஒரு சாண் அளவோடு நின்றுவிடுகிறது.

ஆகவே வரையறையை 'அணையையோ அருவியையோ மீன் கடந்து மேலேற, படிப்படியான தொட்டிகளாகக் கட்டப்படுவது' என்று மாற்றலாம். மறுப்பு இல்லையென்றால் வரைவில் சேர்த்துவிடுகிறேன். கடலுக்கு இறங்கும் இளம் சால்மனுக்கான சொல்லைத் தனி இழையில் பேசுவோம், இதில் கலந்தால் குழம்பிவிடும்.