சைலேஜுக்குத் தமிழ்: ஊறுகாய்ப்புல் போதுமா?

அனைவருக்கும் வணக்கம்.

மாட்டுத் தீவனக் கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. எருமைக் கிடாக்கன்றுகளுக்குக் கொழுப்பூட்டல் பற்றிய பகுதியில் சைலேஜ் என்ற சொல்லில் நிற்கிறேன். பசுந்தீவனத்தைக் காற்றுப் புகாமல் புளிக்கவைத்துக் காப்பதுதான் சைலேஜ். மக்காச்சோள மணியில் பால்கோடு, அதாவது கெட்டிப்பட்ட பகுதிக்கும் பால் பகுதிக்கும் இடையே தெரியும் கோடு, பாதிக்குமேல் இறங்கியதும், கதிரோடு தட்டையை அறுத்து, ஒன்றிரண்டு செ.மீ. துண்டுகளாக நறுக்கி, காற்றுப் புகாமல் குழியில் மிதித்து மூடுவார்கள். பயிரில் ஈரம் போக மிஞ்சும் உலர்பொருள் 30 முதல் 35 விழுக்காடு இருக்கும் பருவம் அது. லாக்டிக் அமிலம் ஊறி, பி.எச். 4-ஐ ஒட்டி இறங்கிவிட்டால் தீவனம் கெடாது.

'ஊறுகாய்ப்புல்' என்ற சொல் இருக்கிறது. ஆனால் ஊறுகாய் என்றதும் உப்பு எவ்வளவு என்றுதான் கேட்கிறார்கள். மக்காச்சோளத்துக்கு உப்பும் வேண்டாம், வெல்லப்பாகும் வேண்டாம். அதன் சர்க்கரையே போதும்.

— நாமக்கல்

*

ஐயா, காயை எடுத்துவிடுங்கள், சொல் சரியாகிவிடும். ஊறிய, ஊறுகின்ற, ஊறும் என முக்காலமும் காட்டும் வினைத்தொகைதான் ஊறுகாய். அதே வாய்பாட்டில் 'ஊறுபுல்'.

மக்காச்சோளம் புல்லா என்ற கேள்வியே எழாது. 'புறக்காழனவே புல்லென மொழிப' என்கிறது தொல்காப்பியம். தட்டையை ஒடித்துப் பாருங்கள், வெளியே வைரம், உள்ளே நெட்டி. இந்தக் கணக்கில் பனையும் தென்னையும்கூடப் புல்தான். பாடநூலில் பனைமரம் என்று எழுதுவதைப் பற்றித் தனியே ஒரு மடல் எழுத வேண்டும்.

— தஞ்சாவூர்

*

நம்மிடம் காடி இருக்கிறதே! புளித்த கஞ்சி காடி. எங்கள் பக்கம் மாட்டுக்குத் தீனி போடும் தொட்டியும் காடி. புளிப்பும் மாடும் ஒரே சொல்லில் கூடிவருகின்றன. 'காடிக் கஞ்சியானாலும் மூடிக் குடி' என்ற பழமொழியில் மூடுவதும் வந்துவிட்டது. ஆகவே 'காடிப்புல்'.

சைலேஜுக்கு மூலமான சைலோ என்ற சொல்லை ஸ்பானியம், லத்தீன் வழியே கிரேக்கத்தின் 'சிரோஸ்', அதாவது தானியக் குழி வரை கொண்டுபோவார்கள். பிரான்சில் கோஃபார் என்பவர் மக்காச்சோளத்தைக் குழியிலிட்டுக் காத்து, 1877இல் அதைப் பற்றி நூலும் எழுதினார். அவர்கள் தானியக் குழியின் பெயரைத் தீவனத்துக்கு நீட்டினார்கள். குதிர், குலுக்கை, பத்தாயம் என்று இத்தனை வைத்திருக்கும் நாம் ஏன் கடன் வாங்கவேண்டும்?

— கோவில்பட்டி

*

கோவில்பட்டி ஐயாவுக்கு: காடி என்றால் புளித்துக் கெட்டது என்றுதான் இங்கே எடுத்துக்கொள்வார்கள். நல்ல சைலேஜ் மஞ்சள் கலந்த பச்சையாக, இலேசான புளிப்பு மணத்தோடு இருக்கும். ஈரம் மிகுந்த பயிரை மூடினால் பியூட்டிரிக் அமிலம் உண்டாகி ஊசிப்போன வெண்ணெய்போல நாறும். காற்றுப் புகுந்தால் பூசணம். மாட்டுக்குக் கொடுக்கக் கூடாதது எது என்று சொல்லவேண்டிய பக்கத்தில், பெயரிலேயே குழப்பம் வேண்டாம்.

குதிர், குழி என்று போகவும் வழியில்லை. இப்போது பாதிப் பேர் மூட்டையாக விலைக்கு வாங்குகிறார்கள், வாங்கும்போது சைலேஜ் என்றுதான் கேட்கிறார்கள். அதையே எழுதுங்கள்.

அப்புறம், 'கொழுப்பூட்டல்' வேண்டாமே. கன்றைத் தேற்றுவது, மாடு தேறிவிட்டது என்றுதானே பேசுகிறோம்?

— ஈரோடு

*

ஈரோடு அம்மா, 'தேற்றுதல்' அப்படியே கையேட்டுக்குப் போகிறது, நன்றி.

மற்றதற்குத் தனிமடலில் வந்தவற்றையும் சேர்த்துப் பார்த்தேன். பெரும்பாலோர் ஊறுபுல் பக்கம். முதலில் வரும் இடத்தில் 'சைலேஜ் எனப்படும் ஊறுபுல்' என்று எழுதி, பிறகு ஊறுபுல் என்றே தொடர்கிறேன். எல்லாருக்கும் உடன்பாடில்லை என்று தெரியும், நாள் இல்லை.

— நாமக்கல்

*

அச்சுக்குப் போகட்டும், தடுக்கவில்லை. ஆனால் ஊறு என்றால் தீங்கு என்றும் பொருள். 'ஊறு செய்யாதே' என்று படித்த பிள்ளை ஊறுபுல்லை எப்படிப் படிக்கும்? தஞ்சாவூர் ஐயா இதற்கு விடை சொல்லவில்லை. அடுத்த பதிப்பின்போது காடிப்புல்லை மறுபடி வைப்பேன்.

— கோவில்பட்டி