போடிமெட்டு ஏறினதும் ஜிபிஎஸ் கிறுக்குப் பிடிக்குது: கைக்கருவி வாங்கலாமா, போனே போதுமா?

சொட்டுநீர்_தேனி:
வணக்கம். ஏலத்தோட்டங்களுக்குச் சொட்டுநீர்க் குழாய் போடுற வேலை எனக்கு. வாரத்துல மூணு நாள் போடிமெட்டு ஏறி பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பஞ்சோலைன்னு சுத்துவேன். கீழ ரோட்டுல போன் மேப் நல்லாத்தான் இருக்கு. மலை ஏறினதும் சோலி முடிஞ்சது.

போன வாரம் பாதி வளைவுலயே புள்ளி நின்னு போச்சு. வண்டி கேரளா எல்லை செக்போஸ்ட்டுக்கே வந்தாச்சு, அது இன்னும் சரிவுல தூங்குது. அப்புறம் ஒரே தாவாத் தாவி ரெண்டு கிலோமீட்டர் தள்ளி உக்காந்துச்சு. செக்போஸ்ட் தாண்டினா அடுத்த கூத்து, மேப்பே இல்ல, வெள்ளைத்தாள். நெட் இல்லாட்டியும் ஓடும்னு சொன்னாங்களேன்னு இறக்கி வச்ச ஆஃப்லைன் மேப் அது. இதெல்லாம் போக, ஒரு தோட்டத்து சூப்பர்வைசர் தன்னோட பழைய கருவியைப் பாத்து இடத்தோட எண்ணைத் துண்டுச்சீட்டுல எழுதிக் குடுத்தார்: 9 58.5, 77 13.2. அதை 9.585, 77.132ன்னு போட்டா குமுளிக்குப் பக்கத்துல காட்டுது! தோட்டம் இருக்கறதோ சாந்தன்பாறையில.

ஜிபிஎஸ்ஸே மலைக்கு ஆகாது போல. கையில வச்சுக்கற பழைய ஜிபிஎஸ் கருவி ஒண்ணு நாலாயிரத்துக்கு வருது. வாங்கலாமா?

மெட்டு_ஜீப்:
தம்பி, அந்த நாலாயிரத்துக்கு டயரை மாத்து. இருபத்திரெண்டு வருஷமா தோட்டத்துக்கு ஆள் ஏத்திட்டுப் போறேன். விடியக்காலம் மூடுபனியில பதினேழு கொண்டை ஊசியும் ஏறுறவன், ஒரு நாளும் மேப்பைப் பாத்ததில்ல. பூப்பாறையில இறங்கி டீக்கடையில கேட்டா முடிஞ்சது சோலி. போன் சொன்னபடி போன ரெண்டு வண்டியைப் போன மழைக்கு நான்தான் கயித்தைக் கட்டி இழுத்தேன். தோட்டத்து ஜீப் பாதையை ரோடுன்னு காட்டி உள்ள விட்டுருச்சு. கடைசியில பூட்டின கேட்டு, வண்டி திருப்ப எடமில்ல.

கைக்கருவி_கட்சி:
கண்ணை மூடிட்டு வாங்குங்க. போன் ஜிபிஎஸ் டவரை நம்பி ஓடுறது. டவர் போனா புள்ளியும் போச்சு. கைக்கருவி நேரா சாட்டிலைட்டோட பேசும். பேட்டரி தீந்தா ரெண்டு பென்சில் செல்லு போட்டா போதும். நான் டாப் ஸ்டேஷன், குரங்கணின்னு நடக்குறவன், ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்துட்டேன். என் பழைய சர்வே மேப்போட கருவி கச்சிதமாப் பொருந்துது. போன் இருநூறு மீட்டர் தள்ளிக் காட்டுது. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?

நெடுங்கண்டம்_ஏலம்:
“சாட்டிலைட்டோட பேசும்” – எந்தக் கருவியும் பேசாது அண்ணா, கேக்கும், அவ்வளவுதான். போனும் அதையேதான் கேக்குது. சிம்மைக் கழட்டிட்டு வெட்டவெளியில நின்னு பாருங்க, புள்ளி வரும்.

நெட் எதுக்குன்னா சீக்கிரமா வர்றதுக்கு. எந்தச் சாட்டிலைட் இப்ப எங்க இருக்குங்கற விவரத்தைப் போன் நெட்டுல இருந்தே எடுத்துக்கும். நெட் இல்லன்னா வானத்துல இருந்தே கேட்டு வாங்கணும். ஒவ்வொரு சாட்டிலைட்டும் தன் விவரத்தை 30 விநாடிக்கு ஒரு தடவை திருப்பித் திருப்பிச் சொல்லுது. நடுவுல பாறை மறைச்சா விட்டுப்போனதை மறுபடி கேக்கணும். இடம் கண்டுபிடிக்க நாலு சாட்டிலைட்டாவது வேணும். வளைவுக்கு வளைவு பாதி வானத்தை மலை மறைக்கிற ரோட்டுல வண்டியும் ஓடிட்டே இருந்தா எங்க கேக்கறது? போடியில டவர் இருக்கும்போதே லொகேஷனைப் போட்டு, புள்ளி நிலைச்ச பிறகு ஏறுங்க. மேல போற வரைக்கும் அணைக்காதீங்க.

@சொட்டுநீர்_தேனி அது ரெண்டு கிலோமீட்டர் தாவினப்ப, புள்ளியைச் சுத்தி வெளிர்நீல வட்டம் எவ்வளவு பெருசா இருந்துச்சு? பேட்டரி சேவர் போட்டிருந்தீங்களா?

சொட்டுநீர்_தேனி:
வட்டம் அரை மலையை மூடிருந்துச்சு அக்கா. சேவர்... ஆமா. சார்ஜ் 18ல இருந்துச்சு, தானாவே ஆன் ஆயிருக்கும்.

நெடுங்கண்டம்_ஏலம்:
அப்ப அது ஜிபிஎஸ்ஸே இல்ல. மலையும் மறைச்சு, சேவரும் ஜிபிஎஸ்ஸைக் கட்டுப்படுத்தி, சாட்டிலைட் கிடைக்காததால டவரை வச்சு குத்துமதிப்பாச் சொல்லிருக்கு. மெட்டுல சிம் எங்க கேரளா டவரைப் பிடிச்சுக்கும், தெரியும்ல? வட்டம் பெருசா இருந்தா “இதுக்குள்ள எங்கயோ இருக்க”ன்னுதான் அர்த்தம்.

வெள்ளைத்தாள் கதைக்கு நான் பந்தயமே கட்டுவேன். ஆர்கானிக் மேப்ஸ், ஆஸ்மாண்ட் மாதிரி ஆப்ல மேப் மாநிலம் மாநிலமா இறங்கும். நீங்க தமிழ்நாட்டை மட்டும் இறக்கிருக்கீங்க. கேரளாவையும் இறக்குங்க.

மெட்டு_ஜீப்:
ஹா ஹா. செக்போஸ்ட்ல மேப்பையும் பிடிச்சு வச்சுக்கிட்டாங்களா!

ஓய்வு_சர்வேயர்:
தம்பி சொன்னவை வேறு வேறு நோய்கள். எல்லாவற்றுக்கும் ஒரே மாத்திரை கேட்டால் எப்படி?

அந்தத் துண்டுச்சீட்டை எடுத்துக்கொள்வோம். 9 58.5 என்றால் 9 பாகை (டிகிரி), 58.5 கலை (மினிட்). பாகைக்கு 60 கலை. 58.5ஐ 60ஆல் வகுத்தால் 0.975. 13.2ஐ வகுத்தால் 0.22. போனில் போட வேண்டியது 9.975, 77.22. நீங்கள் வகுக்காமல் புள்ளியை மட்டும் நகர்த்தி 9.585 என்று போட்டீர்கள். வித்தியாசம் 0.39 பாகை. ஒரு பாகை சுமார் 111 கிலோமீட்டர் என்பதால் தோட்டம் 43 கிலோமீட்டர் தெற்கே இறங்கிக் குமுளிப் பக்கம் போய்விட்டது. சூப்பர்வைசர் மேல் தப்பில்லை, அவருடைய கருவி மேலும் தப்பில்லை.

அடுத்து நம் கைக்கருவி நண்பர். உங்கள் சர்வே மேப் எந்த வருடத்தது? பழைய ஷீட்டுகள் எவரெஸ்ட் நீள்கோளத்தில், அதாவது பூமியின் வடிவத்துக்கு எவரெஸ்ட் போட்ட கணக்கில், வரைந்தவை, 1830ஆம் ஆண்டுக் கணக்கு. 1802இல் லாம்டன் பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளந்து தொடங்கிய பெரும் சர்வேயின் வாரிசு அது. ஜிபிஎஸ் பயன்படுத்துவது டபிள்யூஜிஎஸ் 84 என்ற வேறொரு கணக்கு. நம் பகுதியில் இரண்டுக்கும் நூறு, இருநூறு மீட்டர் வித்தியாசம் வரும். எந்தக் கணக்கில் இடத்தைக் காட்டுவது என்பதற்குக் கருவியின் மெனுவில் ‘டேட்டம்’ என்று ஒன்று இருக்கும். அதில் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். ‘இந்தியன்’ என்று இருந்தால் அது பழைய மேப்போடு பொருந்தத்தான் செய்யும். போனோடு பொருந்தாது. அதனால் போன் பொய் சொல்கிறது என்று ஆகிவிடாது.

98இல் நான் முதன்முதலில் கைக்கருவியைப் பிடித்தபோது, கல்லின் மேல் அசையாமல் வைத்தும் புள்ளி நூறு மீட்டருக்கு ஆடும். அமெரிக்கர்கள் வேண்டுமென்றே கலந்த பிழை அது. 2000 மே மாதம் நிறுத்தினார்கள். அன்றைக்கு அதை வைத்தே எல்லைக்கல் தேடினோம். இன்று கையில் இருக்கிற போன், திறந்த வெளியில், அந்தக் கருவியைவிடப் பல மடங்கு மேல்.

கைக்கருவி_கட்சி:
மெனுவைப் பாத்தேன். ‘இந்தியன்’தான். சரி, அந்த இருநூறு மீட்டரை வாபஸ் வாங்கிக்கறேன்.

ஆனா மத்ததுக்கு யாரும் பதில் சொல்லலையே ஐயா? ஆடி மழையில போன் திரையில ஒரு சொட்டுத் தண்ணி விழுந்தா விரலே வேலை செய்யாது. அட்டை ஏறின கையோட, நனைஞ்ச உறையோட, பட்டனை அமுக்கலாம், திரையைத் தடவ முடியாது. கீழ விழுந்தா கருவி பொழைக்கும். ரெண்டு பேட்டரியில நாள் முழுக்க ஓடும். தோட்டத்துல வேலை பாக்குற ஆளுக்கு இது பெருசில்லையா?

ஓய்வு_சர்வேயர்:
அது நியாயம். மறுக்கவில்லை. ஆனால் நாலாயிரத்துப் பழைய கருவி என்பதில்தான் எனக்குப் பயம். ஜிபிஎஸ் வாரக் கணக்கு 1024 வாரத்துக்கு ஒருமுறை பூஜ்யத்துக்குத் திரும்பும். கடைசியாக 2019 ஏப்ரல் 6இல் திரும்பியது. மென்பொருள் புதுப்பிக்காத சில பழைய கருவிகள் அன்றிலிருந்து ஏறத்தாழ இருபது வருடம் பழைய தேதியைக் காட்டுகின்றன. வாங்குவதானால் கடைக்காரரை வெளியே கூட்டிக்கொண்டு வந்து, ஆன் செய்து, தேதியைப் பாருங்கள். பீரோவில் வெகுநாள் கிடந்த கருவி என்றால் பொறுமையும் வேண்டும். எல்லாச் சாட்டிலைட்டுகளின் முழு அட்டவணையும் வந்து சேர 12.5 நிமிடம் ஆகும்.

மெட்டு_ஜீப்:
பன்னெண்டரை நிமிசத்துல நான் பாதி மெட்டு ஏறிருவேன். எல்லாரும் புள்ளியைப் பத்தியே பேசுறீக. என் கேட்டு என்னாச்சு? அந்த ரெண்டு வண்டிக்கும் புள்ளி சரியாத்தான் நின்னுச்சு. கேட்டு முன்னாடி, கச்சிதமா.

நெடுங்கண்டம்_ஏலம்:
அண்ணே, இந்த ஒண்ணுல நீங்க சொல்றது சரி. அது மேப்போட தப்பு. மேல இருந்து எடுத்த படத்தைப் பாத்து எங்கயோ உக்காந்து ஒருத்தர் கோடு போட்டிருப்பார். ஏலத்தோட்டத்து மரநிழல்ல ஜீப் பாதையா தார் ரோடான்னு படத்துல என்ன தெரியும்? ஆப் குறுக்கு வழின்னு அதைப் பிடிச்சுக்குது. கொடைக்கானல்ல இருந்து பேரிஜம் வழியா மூணாறு போற பழைய பாதையும் அப்படித்தான், வனத்துறை மூடி வருஷக்கணக்காச்சு, இன்னும் அதுல போலாமான்னு கேட்டு ஆள் வந்துட்டே இருக்காங்க.

நான் சொன்ன ஆப்புகளுக்கு அடிப்படையான ஓபன்ஸ்ட்ரீட்மேப்ங்கற பொது மேப்ல நாமளே திருத்தலாம். போன வருஷம் எங்க வீட்டுப் பக்கம் நாலு பாதையை ரோடுல இருந்து மாத்தி தோட்டப் பாதைன்னு போட்டேன். இப்ப அந்த மேப்பை வச்சு ஓடுற ஆப் எங்க முற்றத்துக்கு யாரையும் அனுப்பறதில்ல.

கைக்கருவி_கட்சி:
யார் வேணா திருத்தலாம்னா யார் வேணா கெடுக்கலாம். அதை நம்பி மலையேறச் சொல்றீங்க.

நெடுங்கண்டம்_ஏலம்:
உங்க கருவியில இருக்கற மேப்பை யார் திருத்தறா? அதுல எங்க ஊர் ரோடு இருக்கான்னு முதல்ல பாருங்க.

சொட்டுநீர்_தேனி:
நேத்து போயிட்டு வந்தேன். கேரளாவும் இறக்கிட்டேன், சேவரை அணைச்சேன், வண்டியில சார்ஜர் மாட்டினேன். போடி பஸ் ஸ்டாண்டுல நின்னு புள்ளி வந்த பிறகு ஏறினேன். வளைவுல ரெண்டு தடவை தடுமாறுச்சு, ஆனா கூடவே வந்துச்சு. 9.975, 77.22 போட்டேன். தோட்டத்துப் பம்ப் ரூம் கதவுக்குப் பத்தடி முன்னாடி கொண்டுபோய் விட்டிருக்கும்.

விட்டிருக்கும்னு ஏன் சொல்றேன்னா, அதுக்கு அரை கிலோமீட்டர் முன்னாடி பூட்டின கேட்டு. ஜீப் அண்ணன் சொன்ன அதே கேட்டுன்னு நினைக்கிறேன். பச்சை பெயிண்ட், பக்கத்துல உடைஞ்ச தண்ணித் தொட்டி. ரிவர்ஸ்லயே வந்தேன். கருவி இப்போதைக்கு வேண்டாம். அக்கா, கேட் இருக்குன்னு அந்த மேப்ல எப்படிப் போடறது?

நெடுங்கண்டம்_ஏலம்:
கணக்கு ஒண்ணு தொடங்கி, கேட் இருக்கற எடத்துல பாதை மேலயே ஒரு புள்ளி வைங்க. வகை ‘கேட்’, அனுமதி ‘தனியார்’. பாதையையும் தோட்டப் பாதைன்னு மாத்திருங்க. சேமிச்சதும் உடனே எல்லா ஆப்லயும் வராது, ஆஃப்லைன் மேப்பை மறுபடி இறக்கணும்.

மெட்டு_ஜீப்:
அதே கேட்டுதான். சாவி முக்குக் கடையில இருக்கும், தொட்டிக்கு அங்கிட்டு நீல ஷட்டர். பம்ப் வேலைன்னு சொன்னா குடுப்பாக. அதையும் உங்க மேப்புல போடுங்க.

நெடுங்கண்டம்_ஏலம்:
சாவி இருக்கற எடத்தை மேப்ல போடக் கூடாதுண்ணே!