உலக சாம்பியன் ஆகாத லீ யோங் டேவை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

முகப்பேர்_முன்வரிசை கேட்டது:

வணக்கம். முகப்பேரில் காலையில் பேட்மிண்டன் டபுள்ஸ் ஆடுகிறேன். ஆள் கொஞ்சம் உயரம் என்பதால் எல்லாரும் பின்னால் நின்று ஸ்மாஷ் அடிக்கச் சொல்கிறார்கள், எனக்கோ நெட் பக்கம் நிற்கத்தான் பிடித்திருக்கிறது. எங்கள் கோச் "அப்படின்னா கொரியாவோட லீ யோங் டே ஆட்டத்தைப் பாரு, உன் உயரம்தான், முன்னால நின்னுதான் பேர் வாங்கினார்" என்றார். நான் நம்ம இந்திய ஜோடி சாத்விக்-சிராக் வந்த பிறகுதான் டபுள்ஸ் பார்க்கவே ஆரம்பித்தவன், அதனால் கொரியாக்காரர்களைப் பற்றி அதிகம் தெரியாது. தேடிப் பார்த்தால் 2008 ஒலிம்பிக்கில் கலப்பு இரட்டையரில் தங்கம், ஆண்கள் இரட்டையரில் 2012ல் வெண்கலம், உலக சாம்பியன்ஷிப்பில் ஒரு தங்கம்கூட இல்லை. பிறகு ஏன் எல்லாரும் இவரையே சொல்கிறார்கள்? 2014ல் ஊக்கமருந்துத் தடை என்றும் ஒரு செய்தி கண்ணில் பட்டது, அது என்ன கதை? எந்த மேட்சைப் பார்க்கலாம் என்றும் சொல்லுங்கள்.

கச்சிபௌலி_கேலரி எழுதியது:

தம்பி, பதக்கக் கணக்கை மட்டும் வைத்து இவரைப் புரிந்துகொள்ள முடியாது, அந்தப் பதக்கங்கள் எப்படிக் கைநழுவின என்று பார்க்க வேண்டும். 2009 உலக சாம்பியன்ஷிப் நம்ம ஐதராபாத் கச்சிபௌலியில்தான் நடந்தது. சென்னையிலிருந்து ரயில் ஏறிப் போய்ப் பார்த்தவர்களில் நானும் ஒருவன். இறுதிப் போட்டியில் லீ யோங் டே, ஜங் ஜே சுங் ஜோடிக்கு எதிரில் சீனாவின் சாய் யுன், ஃபூ ஹைஃபெங். முதல் கேம் சீனாவுக்கு, இரண்டாவது கொரியாவுக்கு, மூன்றாவது 20-20 தாண்டி இழுத்துக்கொண்டே போய் 28-26ல் சீனா ஜெயித்தது. ஃபூ ஹைஃபெங் பின்னாலிருந்து அடித்த அடியெல்லாம் சத்தமே வேறு மாதிரி இருக்கும், அதை லீ யோங் டே அசையாமல் நின்று தாழ்வாகத் திருப்பி அனுப்பினார். அன்றைக்குத் தோற்றவர் அவர்தான், ஆனால் ஸ்டேடியத்தை விட்டு வெளியே வரும்போது சனங்கள் அவரைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தார்கள்.

மற்றதையும் பாருங்கள். 2007 கோலாலம்பூர் இறுதியில் மார்கிஸ் கிடோ, ஹெந்த்ரா சேதியவானிடம் தோல்வி. 2012 லண்டன் ஒலிம்பிக் அரையிறுதியில் டென்மார்க்கின் மத்தியாஸ் போ, கார்ஸ்டன் மோகன்சனிடம் மூன்றாவது கேம் 22-20. அதே மத்தியாஸ் போதான் பின்னாளில் சாத்விக்-சிராக்குக்குக் கோச்சாக இருந்தவர். 2014 கோபன்ஹேகன் இறுதியில் சொந்த நாட்டு ஜோடி கோ சுங் ஹியூன், ஷின் பேக் சோலிடம் மூன்று கேம். 2016 ரியோ காலிறுதியில் மலேசியாவின் கோ வி ஷெம், டான் வீ கியோங்கிடம் கடைசி கேம் 21-19. ஒன்றிரண்டு புள்ளி இந்தப் பக்கம் விழுந்திருந்தால் நீங்கள் இந்தக் கேள்வியே கேட்டிருக்க மாட்டீர்கள்.

ஜெயித்ததும் கொஞ்சம் இல்லை. பெரிய போட்டியான ஆல் இங்கிலாந்தில் ஜங் ஜே சுங்குடன் 2008, 2012 என்று இரண்டு தடவை. 2012 இறுதியில் அவர்கள் சாய்த்தது அதே சாய் யுன், ஃபூ ஹைஃபெங் ஜோடியைத்தான். ஜங் விலகிய பிறகு யூ யோன் சியோங்குடன் சேர்ந்து மறுபடியும் உலக நம்பர் ஒன். ஒரு பார்ட்னரோடு உச்சத்துக்குப் போவதே பெரிய விஷயம், ஆட்டமுறை வேறாக இருக்கிற இன்னொருவரோடும் அங்கே போய் நிற்பது எனக்கு உலக சாம்பியன் பட்டத்துக்குக் குறைந்ததாகத் தெரியவில்லை.

பழைய_ராக்கெட் எழுதியது:

மேலே அண்ணன் சொன்னதில் பாதிக்கு ஒத்துப்போகிறேன். ஆனால் கொரியாவின் பெரிய டபுள்ஸ் ஆட்டக்காரர் யார் என்று கேட்டால் என் பதில் கிம் டோங் மூன்தான். 1996 அட்லாண்டாவில் கில் யங் ஆவுடன் கலப்பு இரட்டையர் தங்கம், அதுவும் இறுதியில் பார்க் ஜூ போங், ரா கியுங் மின் ஜோடியை வென்று. 2004 ஏதென்ஸில் ஹா டே குவோனுடன் ஆண்கள் இரட்டையர் தங்கம். 1999 உலக சாம்பியன்ஷிப்பில் ஒரே வாரத்தில் இரண்டு பிரிவிலும் தங்கம். இந்தப் பட்டியலுக்குப் பக்கத்தில் லீ யோங் டேவின் பட்டியல் நிற்காது, அதை நேராகச் சொல்ல வேண்டும்.

ஆனால் கிம்முக்கும் அடி விழுந்திருக்கிறது. ஏதென்ஸ் கலப்பு இரட்டையரில் கிம் டோங் மூன், ரா கியுங் மின் தங்கம் வாங்குவார்கள் என்று எல்லாரும் எழுதி வைத்திருந்தார்கள், காலிறுதியில் டென்மார்க்கின் யோனாஸ் ராஸ்முசன், ரிக்கே ஓல்சன் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நாலு வருஷம் கழித்து பெய்ஜிங்கில் லீ யோங் டே, ஜங் ஜே சுங்கை முதல் சுற்றிலேயே வெளியேற்றிய ஜோடியிலும் அதே ராஸ்முசன்தான் இருந்தார், கூட லார்ஸ் பாஸ்கே. அப்படித் தோற்ற பையன் லீ யோங் டே அதே ஒலிம்பிக்கில் கலப்பு இரட்டையரில் நோவா விதியாண்டோ, லிலியானா நட்சீரை 21-11, 21-17 என்று நேர் கேம்களில் வென்று தங்கம் வாங்கினான், வயது இருபதுகூட முடியவில்லை. ஜெயித்ததும் கேமராவைப் பார்த்து ஒரு கண் சிமிட்டல். கொரியாவில் சின்னப் பிள்ளைக்கும் அவர் பெயர் தெரிந்தது அன்றிலிருந்துதான்.

வேளச்சேரி_நெட்கில் எழுதியது:

தடை விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதிப்பேர் இதைத் தப்பாகவே பரப்புகிறார்கள். அவர் எந்தப் பரிசோதனையிலும் மாட்டவில்லை, மருந்தே எடுக்கவில்லை. போட்டி இல்லாத நாட்களில் ஆட்டக்காரர் எங்கே இருக்கிறார் என்ற விவரத்தை முன்கூட்டியே தர வேண்டும், அதைக் கவனிக்க வேண்டியது அவர்கள் நாட்டுச் சங்கம். 2013ல் மூன்று தடவை அது ஒழுங்காக நடக்கவில்லை, 2014 ஜனவரியில் லீ யோங் டேவுக்கும் கிம் கி ஜுங்குக்கும் ஒரு வருஷத் தடை. பிறகு தவறு சங்கத்தின் மேல்தான் என்று தெரிந்து ஏப்ரலில் தடையை நீக்கினார்கள், அபராதம் சங்கத்துக்கு. அதே ஆகஸ்டில் அவர் யூவுடன் உலக நம்பர் ஒன் ஆனார். இன்னமும் அவர் பெயரோடு ஊக்கமருந்து என்ற சொல்லைச் சேர்த்து எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு நிஜமாகவே கோபம் வருகிறது.

இப்போது ஆட்டத்துக்கு வருவோம். அவர் 180 செ.மீ., ஜங் ஜே சுங் 168 செ.மீ. நம்ம ஊர் கோர்ட்டாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு உயரமானவரைப் பின்னால் தள்ளியிருப்பார்கள். அங்கே குள்ளமானவர் பின்னாலிருந்து எகிறி எகிறி அடிப்பார், உயரமானவர் முன்னால் நின்று அந்த அடிக்கு வரும் பதிலை வெட்டுவார். நீங்கள் பார்க்க வேண்டியது லீ யோங் டே அடிப்பதை இல்லை, அடிப்பதற்கு முன்னால் அவர் எங்கே நிற்கிறார் என்பதை. நெட்டை ஒட்டி நிற்கவே மாட்டார், சர்வீஸ் கோட்டுக்கு ஓரடி பின்னால் ராக்கெட்டை மார்புக்கு மேலே பிடித்தபடி நிற்பார், அந்த இடைவெளி இருப்பதால்தான் பக்கவாட்டில் தட்டையாக, வேகமாகப் போகும் டிரைவ் அடியும் கைக்கு எட்டுகிறது. நம்ம காலை செட்டில் முன்னால் நிற்கிறவர்கள் நெட்டிலேயே மூக்கை வைத்துக்கொண்டு நிற்பார்கள், காக் (ஷட்டில்) தலைக்கு மேலே போனதும் "உன்னுது!" என்று கத்துவார்கள்.

அப்புறம் டிஃபென்ஸ். ஸ்மாஷ் வந்தால் உயரத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்த ஸ்மாஷுக்குக் காத்திருப்பது அவரிடம் அபூர்வம். தட்டையாக இரண்டு பேருக்கும் நடுவில் திருப்புவார், அடித்தவன் இறங்கி நிற்பதற்குள் காக் அவன் இடுப்புக்கு வந்துவிடும். அந்த ஒரு அடியில் தற்காப்பு தாக்குதலாக மாறிவிடுகிறது, கூடவே அவர் இரண்டு எட்டு முன்னால் வந்திருப்பார்.

முகப்பேர்_முன்வரிசை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. தடை பற்றிய விளக்கம் ரொம்ப முக்கியம், கோச்சிடமும் சொல்கிறேன். ஜங் ஜே சுங் இப்போது என்ன செய்கிறார்? அவர் பின்வரிசை ஆட்டத்தை என் பார்ட்னருக்குக் காட்ட வேண்டும், அவனும் குள்ளம்தான்.

கச்சிபௌலி_கேலரி எழுதியது:

ஜங் ஜே சுங் 2018 மார்ச்சில் மாரடைப்பில் இறந்துவிட்டார் தம்பி. 35 வயது. அந்தச் செய்தி வந்த அன்று எனக்கு வேலையே ஓடவில்லை. உங்கள் பார்ட்னருக்குக் கட்டாயம் காட்டுங்கள், அந்த உயரத்தில் அப்படி எகிறி அடித்தவரை நான் வேறு பார்த்ததில்லை. 2012 ஆல் இங்கிலாந்து இறுதியை முதலில் போடுங்கள், அப்புறம் 2009 ஐதராபாத்தின் மூன்றாவது கேம்.

லீ யோங் டே 2016ல் ரியோ முடிந்து கொரியா ஓபனை ஜெயித்துவிட்டுத் தேசிய அணியிலிருந்து விலகினார். இங்கே இந்தியாவில் பிரீமியர் பேட்மிண்டன் லீக்கில் மும்பை அணிக்கும் ஆடினார். பிறகு அந்தக் கிம் கி ஜுங்கோடு சர்வதேசப் போட்டிக்குத் திரும்பி வந்து, 2020 ஜனவரியில் மலேசியா மாஸ்டர்ஸ் இறுதியில் சீனாவின் லி ஜுன்ஹுய், லியூ யூச்சென்னை நேர் கேம்களில் தோற்கடித்தார், அப்போது வயது 31. எதிரில் இருந்த இரண்டு பேரும் பனைமர உயரம், அவர்களை உயரத்திலிருந்து அடிக்கவே விடாமல் ஷட்டிலைத் தரையோடு தரையாக ஓட்டினார்கள். நெட்டில் நிற்க ஆசைப்படுகிற உங்களுக்கு இதுதான் சரியான பாடம், மூன்றாவதாக இதைப் பாருங்கள்.

வேளச்சேரி_நெட்கில் எழுதியது:

பார்க்கும்போது ஷட்டிலைக் கண்ணால் துரத்தாமல் ஒரு கேம் முழுக்க அவர் கால்களை மட்டும் பாருங்கள். சனிக்கிழமை காலை உங்கள் பார்ட்னரையும் கூட்டிக்கொண்டு வேளச்சேரிக்கு வர முடிந்தால் சொல்லுங்கள், எங்கள் செட்டில் இரண்டு இடம் இருக்கிறது, நீங்கள் முன்னால்தான் நிற்க வேண்டும்.